தாக்கலுக்கு முந்தைய திரை: வரிச் செயலிகளின் இடைமுக மறுவடிவமைப்பும் தனி வடிவமைப்பாளரின் பொறுப்பும்

1. கேள்வியும் களமும்

2017 ஜூலை 1 அன்று இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) நடைமுறைக்கு வந்தபோது, வணிகருக்கும் வரித்துறைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் ஏறத்தாழ முழுவதுமாகக் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. பதிவு, விற்பனை விவரம், வரி செலுத்துதல், நோட்டீஸுக்கான பதில் என அனைத்தும் ஜிஎஸ்டிஎன் நிறுவனம் நடத்தும் பொது இணையதளத்தின் வழியாகவே நடக்கின்றன. மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு, விற்பனை விவரங்களைத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதியும், வரிக் கணக்கின் சுருக்கமாகிய ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள்கள். வணிகர்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் அரசின் இணையதளத்தை நேரடியாகப் பயன்படுத்துவதோடு, ஜிஎஸ்டி சுவிதா வழங்குநர்கள் எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் மூலம் அத்தளத்தோடு இணைந்த தனியார் செயலிகளையும் பயன்படுத்துகின்றனர். இத்தகைய செயலிகளை உருவாக்கும் சிறு நிறுவனங்களில் நிரலாளர்கள் சிலரும், வரிச் சட்டம் அறிந்த ஒருவரும், இடைமுகத்துக்கு ஒரே ஒரு வடிவமைப்பாளரும் இருக்கும் நிலை அரிதன்று.

சில ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த தாக்கல் செயலி ஒன்றின் இடைமுகத்தை மறுவடிவமைக்கும் பொறுப்பு அப்படிப்பட்ட தனி வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கப்படும்போது, அவர் எதை வெற்றியென்று கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. திரைகளைக் குறைப்பதும், படிநிலைகளைச் சுருக்குவதும், தோற்றத்தைப் புதுப்பிப்பதும் வழக்கமான விடைகள். வரித் தாக்கலைப் பொறுத்தவரை இவ்விடைகள் போதா என்றும், ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது, எந்தச் செயலுக்குப் பிறகு அதைத் திருத்த முடியாது என்ற இரண்டையும் தாக்கலுக்கு முன்பே பயனருக்குப் புலப்படுத்துவதுதான் மறுவடிவமைப்பின் மையக் கடமை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அக்கடமையைத் தனியொருவர் நிறைவேற்றுவதில் உள்ள எல்லைகளையும், அவற்றை ஈடுசெய்யும் வழிகளையும் பிற்பகுதி பரிசீலிக்கிறது.

2. ஏற்கெனவே உள்ள புரிதல்கள்

இப்பொருள் குறித்த சிந்தனையை மூன்று மரபுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது பயன்பாட்டெளிமை மரபு. யாக்கோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் முன்வைத்து, நீல்சன் 1994இல் செம்மைப்படுத்திய பத்து நெறிகள் இதன் அடித்தளம். மென்பொருள் தன் நிலையைப் பயனருக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிழை நேர்ந்தபின் எச்சரிப்பதைவிட நேராமல் தடுக்க வேண்டும், பயனரின் நினைவாற்றலை நம்பாமல் வேண்டியதைக் கண்முன் காட்ட வேண்டும் என்பவை அவற்றுள் சில. படிவங்களையே தனித்து ஆராய்ந்த கரோலின் ஜாரெட்டும் ஜெரி காஃப்னியும் 2008இல் வெளியிட்ட நூலில், படிவத்துக்கு உறவு, உரையாடல், தோற்றம் என மூன்று அடுக்குகள் உண்டு என்றனர். கேட்பவருக்கும் விடையளிப்பவருக்கும் இடையிலான உறவைக் கவனிக்காமல் தோற்றத்தை மட்டும் சீர்செய்வதால் பயனில்லை என்பது அவர்களது நிலைப்பாடு. பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகள் இம்மரபை ஒட்டியே, ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, இறுதியில் எல்லா விடைகளையும் சரிபார்க்க ஒரு பக்கம் என்ற அமைப்பைப் பரவலாக்கின.

இரண்டாவது, நிர்வாகச் சுமை குறித்த சமூகவியல் மரபு. பமேலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிகனும் 2018இல் எழுதிய நூல், அரசோடு தொடர்புகொள்ளும் குடிமக்கள் சுமக்கும் விலையை மூன்றாக வகுத்தது: விதிகளைக் கற்றறிவதற்கான விலை, அவற்றைப் பின்பற்றுவதற்கான விலை, அச்சமும் அவமான உணர்வுமாக மனம் தரும் விலை. மூன்றாவது, கணினித் துறைக்குள்ளேயே எழுந்த ஒரு கருத்து. எந்தப் பணியிலும் அதற்கே உரிய ஒரு சிக்கல் உண்டென்றும், அதை அழிக்க இயலாது, பயனரின் தோளிலிருந்து மென்பொருளின் தோளுக்கு மாற்ற மட்டுமே இயலும் என்றும் லாரி டெஸ்லர் வலியுறுத்தினார்.

இம்மூன்றும் பயனுள்ளவை, ஆயினும் வரித் தாக்கல் செயலிக்கு அப்படியே பொருந்துவன அல்ல. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்ற அமைப்பு, ஆண்டுக்கு ஒருமுறையோ வாழ்நாளில் ஒருமுறையோ வந்து போகும் குடிமகனை மனத்தில் கொண்டது. பல வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வாரத்தில் முடிக்க வேண்டிய கணக்காளருக்கோ எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருப்பதால், ஒரே திரையில் விரியும் அட்டவணையே அவருக்கு ஏற்றது. சுமை பற்றிய ஆய்வு அரசின் கொள்கையை நோக்கிப் பேசுகிறதேயன்றி, அக்கொள்கையை மாற்றும் அதிகாரமில்லாத வடிவமைப்பாளர் செய்யக்கூடியதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. டெஸ்லரின் கருத்துக்கோ ஒரு சட்டப் பரிமாணத்தைச் சேர்க்க வேண்டியுள்ளது. சிக்கலை மென்பொருள் ஏற்றுக்கொண்டாலும் பொறுப்பு பயனரிடமே தங்கிவிடுமானால், மறைக்கப்பட்ட சிக்கல் அவருக்கு எதிராகவே திரும்பக்கூடும்.

3. திரைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு

ஜிஎஸ்டி சட்டத்தின் 39(9) பிரிவின்படி, தாக்கல் செய்த ரிட்டர்னில் பிழை தெரியவந்தால் அதைப் பிந்தைய மாதத்தின் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும். பழையதைத் திறந்து மாற்ற வழியில்லை. இத்தகைய படிவத்தின் திரையமைப்பு எவ்வளவு தூரம் விளைவுகளைத் தீர்மானிக்கும் என்பதற்கு ஜிஎஸ்டிஆர்-3பியின் தொடக்க வரலாறே சான்று. முதல் மாதங்களில் அதில் சமர்ப்பிப்பதற்கு ஒரு பொத்தானும் தாக்கல் செய்வதற்கு இன்னொரு பொத்தானும் இருந்தன. முதல் பொத்தானை அழுத்தியதும் எண்கள் உறைந்துவிடும். செலுத்த வேண்டிய வரி எவ்வளவு என்பது அதன் பிறகே தெரியவரும். சமர்ப்பிப்பதை வரைவாகச் சேமிப்பது போன்ற ஒன்றாகக் கருதியவர்கள் மாட்டிக்கொண்டனர். 2018 பிப்ரவரியில் மாற்றியமைக்கப்பட்ட திரையில், செலுத்த வேண்டிய தொகை முன்கூட்டியே காட்டப்பட்டது. எண்களைத் திருத்தும் வாய்ப்பு பின்னுக்கு நீட்டிக்கப்பட்டது. வரைவைப் பதிவிறக்கிப் பார்க்கவும் முடிந்தது. சட்டம் அப்படியே இருக்க, செயல்களின் வரிசை மட்டும் மாறியதில் ஒரு வகைப் பிழையே நேர முடியாததாயிற்று. மறுவடிவமைப்பு சாதிக்கக்கூடியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

நீதிமன்றங்கள் இவ்விவகாரத்தை அணுகிய விதம் ஒரே சீராக இல்லை. 2017 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில், வாங்கிய பொருள்களுக்கு ஏற்கெனவே செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையான உள்ளீட்டு வரி வரவை, அதாவது கணக்காளர்கள் பேச்சில் ‘இன்புட்’ எனப்படுவதை, குறைவாக மதிப்பிட்டு ரொக்கமாக வரி செலுத்திவிட்டதாகக் கூறிய பார்தி ஏர்டெல் நிறுவனம், ரிட்டர்ன்களைத் திருத்தி 923 கோடி ரூபாயைத் திரும்பப் பெற முயன்றது. வாங்கியவற்றின் விவரத்தைத் தானாகக் காட்ட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-2ஏ அப்போது இயங்கவில்லை என்பது அதன் வாதம். தில்லி உயர்நீதிமன்றம் 2020 மே மாதத்தில் அதை ஏற்றது. உச்சநீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. வரியைத் தானே கணக்கிடும் கடமை நிறுவனத்துடையது, அதற்கு ஆதாரம் அதன் சொந்தக் கணக்குப் புத்தகங்கள், இணையதளம் வசதி செய்து தரும் கருவி மட்டுமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதற்கு மாறான தொனியைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ‘சன் டை கெம்’ வழக்கில் காணலாம். மத்திய, மாநில வரிகளுக்கான கட்டங்களில் இடம்பெற வேண்டிய தொகை, மாநிலங்களுக்கிடையிலான ஒருங்கிணைந்த வரிக்கான கட்டத்தில் தவறுதலாகப் பதிவாகிவிட்டது. பிழையை உரிய காலத்தில் கண்டறிய உதவியிருக்கக்கூடிய படிவங்கள் நடைமுறைக்கு வரவே இல்லை என்பதைக் கருத்தில் கொண்டு, 2020 அக்டோபரில் நீதிபதி அனிதா சுமந்த் திருத்தத்துக்கு அனுமதியளித்தார். உச்சநீதிமன்றமும் 2025 மார்ச்சில் அபெர்டேர் டெக்னாலஜிஸ் வழக்கில், எழுத்துப் பிழைகள் மனித இயல்பு என்றும், வருவாய் இழப்பு இல்லாத இடத்தில் திருத்தத்தை மறுப்பதற்கு மென்பொருளின் வரம்பைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதன்று என்றும் கருதியது.

தீர்ப்புகளின் இந்த வேறுபாட்டோடு சட்டத்தின் நகர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 16(2)(ஏஏ) பிரிவு, விற்றவர் தம் படிவத்தில் தெரிவித்த விலைப்பட்டியலுக்கு மட்டுமே வாங்கியவர் வரவு எடுக்கலாம் என்றது. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1இல் இருந்து 3பிக்குத் தானாக வந்துசேரும் வரிப் பொறுப்பை 3பியிலேயே மாற்றும் வழி அடைக்கப்பட்டது. மாற்ற வேண்டுமெனில் 3பியைத் தாக்கல் செய்வதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவத்தை நாட வேண்டும். ஆக, எட்டே ஆண்டுகளில் எண்ணின் பிறப்பிடம் வணிகரின் புத்தகத்திலிருந்து அரசின் தரவுத்தளத்தை நோக்கி நகர்ந்துவிட்டது; கையொப்பமும் பொறுப்பும் மட்டும் வணிகரிடமே நிலைத்திருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் தாக்கல் செயலியின் திரை நிற்கிறது.

4. நெருங்கிப் பார்த்தல்: நான்காம் அட்டவணையும் ஏற்புப் பட்டியலும்

ஜிஎஸ்டிஆர்-3பியின் நான்காம் அட்டவணை உள்ளீட்டு வரி வரவுக்கு உரியது. அதன் ‘ஏ’ பகுதியில் கிடைத்த வரவும், ‘பி’ பகுதியில் திருப்பிக் கழிக்கப்படும் வரவும், ‘சி’ பகுதியில் ஏ-யிலிருந்து பி-யைக் கழித்த நிகரத் தொகையும், ‘டி’ பகுதியில் பிற விவரங்களும் இடம்பெறும். 2022 ஜூலையில் வெளியான அறிவிக்கையும் சுற்றறிக்கையும் இப்பகுதிகளின் பொருளை மாற்றின. நிரந்தரமாகக் கழிக்கப்படுபவை 4(பி)(1)இலும், பின்னர் மீட்டெடுக்கக்கூடியவை 4(பி)(2)இலும் வர வேண்டும். மீட்டெடுக்கும்போது அத்தொகையை 4(ஏ)(5)இல் சேர்ப்பதோடு 4(டி)(1)இலும் குறிப்பிட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். வாங்கிய சரக்குக்கு 180 நாள்களுக்குள் பணம் தராத வணிகர் ஒருவர், அதன்மீது எடுத்த 18,000 ரூபாய் வரவை 4(பி)(2)இல் கழிக்கிறார். சில மாதங்கள் கழித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு அவ்வரவை மீட்டெடுக்க முனைகிறார். ‘மீட்டெடுத்த வரவு’ என்ற பெயர் 4(டி)(1)இல் இருப்பதைக் கண்டு அங்கே மட்டும் 18,000 என்று இடுவாரானால், அவருடைய வரவுப் பேரேட்டில் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஏனெனில் நிகரக் கணக்கில் ‘டி’ பகுதிக்குப் பங்கில்லை. அது தகவலுக்கான கட்டம் மட்டுமே. ஆனால் திரையில் ஏ, பி, டி ஆகிய மூன்றும் ஒரே அகலம், ஒரே எழுத்து, ஒரே கோடு கொண்ட கட்டங்களாகத் தோன்றுகின்றன.

பயன்பாட்டெளிமை மரபு இங்கே ‘கட்டங்களைக் குறை’ என்று சொல்லும். சட்டம் வரையறுத்த படிவத்தில் கட்டங்களைக் குறைக்க வடிவமைப்பாளருக்கு உரிமையில்லை. அவரால் செய்யக்கூடியவை மூன்று. முதலாவதாக, கணக்கில் சேரும் கட்டங்களையும் தகவலுக்கான கட்டங்களையும் தோற்றத்திலேயே வேறுபடுத்தலாம். நிறம் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளோரும் பயன்படுத்த வேண்டியிருப்பதால், நிறத்தோடு நிறுத்தாமல் எழுத்தாலும் இடத்தாலும் அவ்வேறுபாட்டைக் காட்ட வேண்டும். இரண்டாவதாக, பயனர் கட்டத்தை நிரப்புவதற்குப் பதில் நிகழ்வைத் தெரிவிக்கும்படி செய்யலாம். ‘முன்பு கழித்த வரவை மீட்டெடுக்கிறேன்’ என்று அவர் தெரிவித்துத் தொகையை இட்டால், செயலி இரு கட்டங்களையும் நிரப்பி, நிரப்பியதையும் காட்ட வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அதன் பிறப்பிடம் தெரிய வேண்டும்: வாங்கியவருக்குரிய வரவைத் தொகுத்துக் காட்டும் அரசின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையிலிருந்து வந்ததா, நிறுவனத்தின் கொள்முதல் பதிவேட்டிலிருந்து வந்ததா, பயனர் கையால் இட்டதா, யார், எப்போது மாற்றினார். எண்ணின் மேல் சொடுக்கினால் அதற்கு அடிப்படையான விலைப்பட்டியல்கள் விரிய வேண்டும். இறுதிப் பொறுப்பை ஏற்பவருக்குத் தான் ஏற்பது எதை என்று தெரிந்துகொள்ளும் உரிமை இதில் அடங்கியுள்ளது.

இதே நோக்கில் 2024 அக்டோபரில் அறிமுகமான விலைப்பட்டியல் மேலாண்மை முறையையும் ஆராயலாம். விற்றவர் பதிவேற்றிய ஒவ்வொரு விலைப்பட்டியலையும் வாங்கியவர் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இங்கே செயலற்றிருத்தலே ஒரு முடிவு. தொடப்படாத வரிசையின் நிலைக்கட்டத்தை வெறுமையாக விடும் திரை, முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்ற பொய்யான தோற்றத்தைத் தருகிறது. ‘தானாக ஏற்கப்படும்’ என்று அக்கட்டத்தில் எழுதிவிடுவது சிறு மாற்றம். ஆனால் சட்டத்தின் விளைவை அதுவே உரிய நேரத்தில் கண்முன் கொண்டுவருகிறது.

‘சன் டை கெம்’ வகைப் பிழைக்கும் திரையில் ஒரு தடுப்பு சாத்தியம். ஜிஎஸ்டி பதிவெண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. விற்பவரின் குறியீடும் சரக்கு வழங்கப்படும் இடமும் ஒரே மாநிலமாக இருக்கையில் ஒருங்கிணைந்த வரிக் கட்டத்தில் தொகை விழுந்தால், செயலி அங்கேயே வினவலாம். ஆனால் வினவ வேண்டுமேயன்றித் தடுத்துவிடக் கூடாது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குச் செய்யும் விற்பனை, ஒரே மாநிலத்துக்குள் நடந்தாலும் மாநிலங்களுக்கிடையிலான விற்பனையாகவே சட்டத்தால் கருதப்படுகிறது. எச்சரிக்கை எங்கே போதும், தடை எங்கே வேண்டும் என்று முடிவுசெய்ய வடிவமைப்பாளர் சட்டத்தின் விதிவிலக்குகளை அறிந்திருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

5. பழகிய கைகளும் புதிய திரையும்

மறுவடிவமைப்பு பற்றிய விவாதங்களில் குறைத்து மதிப்பிடப்படுவது, பழைய திரையிலேயே தேர்ச்சி பெற்றுவிட்ட பயனரின் இழப்பு. இந்தியக் கணக்காளர்களில் பெரும் பகுதியினர் டேலி மென்பொருளில் விசைப்பலகை வழியாகவே வேலை செய்து பழகியவர்கள். எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 அழுத்தினால் கொள்முதல் என்பது அவர்களுடைய விரல்களில் பதிந்துவிட்ட அறிவு. எண் பலகையிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விலைப்பட்டியலை முடித்துவிடும் ஒருவரைச் சுட்டியைத் தேடவைக்கும் திரை, பார்வைக்கு எவ்வளவு தெளிவாயினும் அவருக்குப் பின்னடைவே. நுழைவு விசையும் தாவல் விசையும் எந்த வரிசையில் கட்டங்களைக் கடக்கின்றன, ஒட்டப்பட்ட எண்ணில் காற்புள்ளி இருந்தால் செயலி ஏற்கிறதா, தொகை 12,34,567 என இலட்ச முறையில் பிரித்துக் காட்டப்படுகிறதா, அல்லது மில்லியன் முறையில் பிரிக்கப்பட்டுக் கண்ணை ஏமாற்றுகிறதா என்பன போன்ற நுணுக்கங்கள் திரையின் நிறத்தையும் வடிவத்தையும்விட முதன்மையானவை.

முழுமையான மாற்றத்தை ஒரே நாளில் நிகழ்த்துவதன் ஆபத்துக்கு வருமான வரித்துறையின் அனுபவம் சான்று. 2021 ஜூன் 7 அன்று பழைய இணையதளத்துக்கு மாற்றாகப் புதியது திறக்கப்பட்டது. தொடர்ந்த கோளாறுகள் பெரும் பொதுப் பிரச்சினையாகி, அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதியமைச்சகம் ஆகஸ்ட் 23 அன்று அழைத்து விளக்கம் கேட்கும் நிலை வந்தது; தனிநபர்களுக்கான கடைசித் தேதி டிசம்பர் 31 வரை தள்ளிப்போயிற்று. அக்கோளாறுகளில் பல தொழில்நுட்ப அடித்தளம் சார்ந்தவையே. இடைமுகத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. எனினும் பெரும் வளங்கள் கொண்ட அமைப்புக்கே ஒரே வீச்சில் மாறுவது கடினமாக இருந்தபோது, தனி வடிவமைப்பாளர் அப்பாதையைத் தேர்வது தகாது. திரை திரையாக மாற்றுவதும், பழைய திரைக்குத் திரும்பும் வழியைச் சில மாதங்கள் திறந்துவைப்பதும், 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நெருக்கடி நாள்களில் எந்த மாற்றத்தையும் வெளியிடாதிருப்பதும் அவருக்குரிய ஒழுங்குகள். தாக்கல் செயலியைப் பொறுத்தவரை வெளியீட்டு நாள்காட்டியும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

6. தனி வடிவமைப்பாளர்: எல்லையும் வலிமையும்

தனியொருவரின் கண் எவ்வளவு காணும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. நெறிகளைக் கொண்டு இடைமுகத்தை மதிப்பிடும் முறையைப் பற்றி எழுதிய நீல்சன், தம்முடைய ஆறு திட்டங்களின் சராசரியில் தனி மதிப்பீட்டாளர் ஒருவர் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 35 சதவீதத்தையே கண்டறிந்தார் என்று குறிப்பிட்டு, மூன்று முதல் ஐந்து மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைத்தார். ஒருவர் தவறவிடுவதை இன்னொருவர் காண்கிறார் என்பது இதன் அடிப்படை. இவ்வளவீடு பல்வேறு மென்பொருள்களிலிருந்து பெறப்பட்டது. வரிச் செயலிக்கு அதே விகிதம் பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆயினும் தன் திரையைத் தானே சரிபார்க்கும் வடிவமைப்பாளருக்குப் பிழைகளின் பெரும் பகுதி தெரியாமல் போகும் என்ற எச்சரிக்கை அதில் போதுமான அளவு உள்ளது.

ஆள்களைக் கூட்டினாலே தீர்வு கிடைத்துவிடும் என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்ட் 11 அன்று, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தோருக்குச் சுமார் 78 இலட்சம் டாலர் வட்டியை அனுப்ப வேண்டிய சிட்டி வங்கி, அசலையும் சேர்த்து ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில், அசல் வங்கியை விட்டு வெளியேறாமலிருக்க மூன்று கட்டங்களைத் தேர்வுசெய்து உள்கணக்கின் எண்ணை இட வேண்டியிருந்தது. ஒரு கட்டம் மட்டுமே தேர்வுசெய்யப்பட்டது. உள்ளிட்டவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என மூவர் அத்திரையைப் பார்த்தனர். மூவரும் சரியென்றே கருதினர். பணத்தைத் திருப்பித் தர மறுத்த, கடன் கொடுத்தோருக்குச் சாதகமாக 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது. திரை தன் விளைவைச் சொல்லாதபோது அதைப் பார்ப்போரின் எண்ணிக்கை பாதுகாப்பாகாது என்பதே இந்நிகழ்வின் படிப்பினை. தேவைப்படுவது ஒரே விதமாகப் பார்க்கும் பல கண்கள் அல்ல. வெவ்வேறு அறிவிலிருந்து பார்க்கும் சில கண்கள்.

தனி வடிவமைப்பாளருக்கு அத்தகைய கண்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு வந்த அழைப்புகளின் பதிவு, பிழைகள் எந்தத் திரையில் குவிகின்றன என்பதைக் காட்டும். செயலியிலிருந்து அனுப்பிய தரவை அரசுத் தளம் நிராகரித்த செய்திகளின் தொகுப்பு, பயனர்களே முறையிடாத பிழைகளையும் வெளிப்படுத்தும். ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி பெறும் ஒருவரையும், பல்லாண்டு அனுபவம் கொண்ட கணக்காளர் ஒருவரையும், தன் கணக்கைத் தானே தாக்கல் செய்யும் சிறு கடைக்காரர் ஒருவரையும், பழைய கணக்கின் நகலில் வேலை செய்யவைத்து அருகிலிருந்து கவனிப்பது, ஒரே வகைப் பயனர் பலரைச் சோதிப்பதைவிடப் பலன் தரும். சட்டம் அறிந்த சக ஊழியர் ஒவ்வொரு திரையின் வாசகத்தையும் பிரிவோடும் விதியோடும் ஒப்பிட்டு ஒப்புதல் அளிக்க வேண்டும். இவற்றோடு, எந்த முடிவு எந்தச் சான்றின் பேரில், எந்தச் சுற்றறிக்கையை ஒட்டி எடுக்கப்பட்டது என்ற முடிவுப் பதிவேடு ஒன்றும் தேவை. விதிகள் ஆண்டுதோறும் மாறும் துறையில், பழைய முடிவின் காரணம் மறைந்துவிட்டால் புதிய மாற்றம் எதை உடைக்கும் என்று எவருக்கும் தெரியாது.

தனிமைக்கு ஒரு வலிமையும் உண்டு. பல குழுக்கள் உருவாக்கிய செயலிகளில் ஒரே பொருளுக்குத் திரைதோறும் ஒரு பெயர் வழங்குவதும், ஒரே பொத்தான் ஓரிடத்தில் சேமிப்பதும் இன்னோரிடத்தில் அனுப்புவதும் காணக்கூடியவை. முழுச் செயலியையும் ஒருவரே மனத்தில் ஏந்தியிருக்கும்போது, ‘சேமி’ என்பது எங்கும் திருத்தத்துக்கு இடமளிப்பதாகவும், ‘தாக்கல் செய்’ என்பது எங்கும் திரும்ப முடியாததாகவும் ஒரே நெறியில் அமையும். அழுத்துபவர் மனத்தில் ஒரு செயலும் கணினியில் இன்னொரு செயலுமாக நேரும் வழுக்கலையும், விதியையே தவறாகப் புரிந்துகொள்வதால் நேரும் தவற்றையும் டொனால்ட் நார்மன் வேறுபடுத்திக் காட்டினார். முதல் வகையைக் குறைப்பதில் இந்த ஒருமைக்கு நேரடிப் பங்குண்டு. இரண்டாம் வகைக்கு மேற்சொன்ன பிற கண்கள் வேண்டும்.

7. எதிர்வாதங்கள்

இவ்வாதத்துக்கு எதிராக இரண்டு கருத்துகளை எண்ணிப் பார்க்க வேண்டும். சிக்கலின் வேர் சட்டத்திலும் படிவத்திலும் இருப்பதால், தனியார் செயலியின் வடிவமைப்பாளர்மீது பொறுப்பைச் சுமத்துவது முறையன்று என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. நான்காம் அட்டவணையின் அமைப்பை மாற்ற வேண்டியது அரசே. ஆனால் 2018இல் 3பி திரை மாறிய விதம், சட்டம் மாறக் காத்திராமலே பயனரைக் காக்க இடமுண்டு என்பதை மெய்ப்பித்துள்ளது. பிழைகள் குவியும் இடங்களைச் செயலியின் பதிவுகளிலிருந்து தொகுத்து அரசுக்குத் தெரிவிப்பதும் இப்பொறுப்பின் நீட்சியாகக் கொள்ளத்தக்கது.

எண்கள் அனைத்தும் தானாகவே நிரம்பும் காலம் வந்துகொண்டிருப்பதால் இடைமுகத்தின் முக்கியத்துவம் குறைந்துவிடும் என்பது இரண்டாவது கருத்து. போக்கு அத்திசையில் இருப்பது மெய்யே. ஆனால் தானாக நிரம்பும் எண்ணைப் பயனர் உள்ளிடுவதில்லை, ஒப்புக்கொள்கிறார். உள்ளிடும்போது தன் புத்தகத்தைப் பார்த்தே தீர வேண்டியிருந்தவர், ஒப்புக்கொள்ளும்போது பார்க்காமலே கடந்துவிட முடியும். ஏர்டெல் வழக்கில் வலியுறுத்தப்பட்ட, தன் கணக்குக்குத் தானே பொறுப்பு என்ற கோட்பாடு நீடிக்கும்வரை, பார்க்காமல் ஒப்புக்கொண்டதன் விலையை அவரே தர வேண்டியிருக்கும். ஆகவே தானியக்கம் வளர வளர, எண்ணின் பிறப்பிடத்தையும் அதற்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டும் திரையின் தேவை கூடுகிறது.

8. முடிவுரை

வரித் தாக்கல் செயலியின் மறுவடிவமைப்பை எத்தனை சொடுக்குகள் குறைந்தன, எத்தனை நிமிடங்கள் மிச்சமாயின என்ற அளவுகோல்களால் மட்டும் மதிப்பிடுவது குறைபாடுடையது. தாக்கலுக்குப் பிந்தைய திருத்தங்கள் குறைந்தனவா, கையொப்பமிடுபவர் தாம் ஏற்ற எண் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடிகிறதா, பழகிய பயனரின் வேகம் பேணப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். முதல் கேள்விக்கான விடை பிந்தைய மாதங்களின் திருத்த அட்டவணைகளிலேயே பதிவாகியிருக்கும். இரண்டாவதை ஒரு நோட்டீஸுக்குப் பதில் தயாரிக்கும்போது சோதித்துவிடலாம். மூன்றாவது, பழைய திரைக்குத் திரும்பிச் செல்வோரின் எண்ணிக்கையில் தெரியும். தனி வடிவமைப்பாளர் ஒருவரால் அளக்கக்கூடிய எளிய அளவுகோல்களே இவை.

சட்டம் பயனர்மீது சுமத்தும் பொறுப்பை வடிவமைப்பாளர் நீக்க முடியாது. அப்பொறுப்பை அவர் கண்திறந்து ஏற்கும்படி செய்வது மட்டுமே வடிவமைப்பாளரின் கையில் இருக்கிறது. மறுவடிவமைப்பின் முதல் வேலையாகத் தாக்கலுக்கு முந்தைய அந்தக் கடைசித் திரையை எடுத்துக்கொண்டு, அங்கே காட்ட வேண்டியவற்றை முடிவுசெய்தபின் பின்னோக்கி மற்றத் திரைகளை அமைத்துச் செல்வதே, வளங்கள் குறைந்த தனி வடிவமைப்பாளருக்கு இவ்வாய்விலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பரிந்துரை.